'ஜஸ்ட் நௌ' என்றால் எப்போது? ஆங்கில மரபுத்தொடர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் குடிவந்த புதிதில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். "ஐ வில் பி தேர் ஜஸ்ட் நௌ" என்றார். நான் திருநெல்வேலியில் படித்த ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நௌ' என்றால் இந்த நொடி, அல்லது ஒரு நிமிடத்துக்கு முன்னால். சரி, ஆள் தெருமுனைக்கே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு, சாவியும் கையுமாக கேட்டருகே போய் நின்றேன். அப்போது காலை பத்து மணி.

பக்கத்து வீட்டு ஆயா துணி காயப்போட வந்தவர், "யாருக்கும்மா நிக்கிறே?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். "ஜஸ்ட் நௌன்னா சொன்னான்? அப்போ போய்ச் சமை, சாப்பிடு. ஒரு தூக்கம் போட்டுக்கூட எந்திரிக்கலாம்."

பிளம்பர் மாலை நாலு மணிக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நௌ' என்றால் 'அப்புறம்', 'கொஞ்ச நேரம் கழித்து', 'எப்போது என்று மட்டும் கேட்காதே' என்று பொருள். அதைவிடச் சீக்கிரம் வருவதாக இருந்தால் 'நௌ நௌ' என்பார்கள். இது டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் வழியாக இங்குள்ள ஆங்கிலத்துக்குள் வந்த வழக்கு. உண்மையிலேயே இப்போதே என்றால் வெறும் 'நௌ'.

எனக்குக் கோபம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நாம் மட்டும் என்ன? குளியலறைக்குள் இருந்துகொண்டு "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பதில்லையா? 'இதோ' பொய், 'வந்துட்டேன்' என்ற இறந்தகாலமும் பொய். கேட்பவர் யாரும் ஏமாறுவதில்லை. இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை, அகராதியில் 'இதோ', 'வா' என்று தனித்தனியாகத் தேடினாலும் கிடைக்காது.

இப்படி, சொற்களைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் வராத ஒரு பொருளை மொத்தமாகத் தருகிற தொடரைத்தான் ஆங்கிலத்தில் 'இடியம்' என்கிறார்கள். தமிழில் மரபுத்தொடர். 'இடியம்' என்ற சொல்லுக்கு வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, சொந்தமானது. (நாம் வசவாகப் பயன்படுத்தும் 'இடியட்' என்ற சொல்லும் அதே வேர்தான். பொதுக் காரியத்தில் தலையிடாமல் தன் பாட்டுக்கு இருப்பவன் என்பது அதன் பழைய பொருள்.) ஒரு மொழிக்கே சொந்தமான பேச்சு முறை என்பதுதான் இடியம் என்ற பெயருக்குள் இருக்கும் சேதி.

தமிழில் 'மரபு' என்று பெயர் வைத்ததும் யோசித்து வைத்ததுதான். நன்னூலில் ஒரு நூற்பா உண்டு: "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே." எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிப் பெரியவர்கள் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு. ஏன் என்று கேட்காதே, அப்படித்தான் என்கிறார் பவணந்தி முனிவர். குயில் கூவும், மயில் அகவும், நாய் குரைக்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மயில் குரைத்தது என்று எழுதினால் இலக்கணப்படி வாக்கியம் சரி. தமிழ் தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கக் காரணம் ஒரு தம்பி. இங்குள்ள கோயில் ஒன்றுக்கு நாதஸ்வரம் வாசிக்க ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டோடு என் எதிரே உட்கார்ந்துவிடுவார். "அக்கா, இவங்க பேசுற இங்கிலீஷ்ல ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, மொத்தமா சேர்த்தா புரியலை" என்பார். மரபுத்தொடருக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்த உதாரணம் எல்லாரும் சொல்வதுதான்: 'கிக் த பக்கெட்'. வாளியை உதைத்தான் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். செத்துப்போனான் என்பது அசல் பொருள். 1785-இல் லண்டனில் அச்சான கொச்சைச் சொல் அகராதியிலேயே இது இருக்கிறது. தம்பி கேட்டதும் சொன்னார்: "மண்டையைப் போட்டான், அதானே?" அதேதான். வாளிக்கும் சாவுக்கும் எவ்வளவு தொடர்போ, மண்டையைப் போடுவதற்கும் சாவுக்கும் அவ்வளவு தொடர்பு.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு தொடர் மரபுத்தொடரா இல்லையா என்று சோதித்துப் பார்க்கலாம். முதலில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். மண்டைக்குப் பதில் தலை: 'தலையைப் போட்டான்'. ஒன்றும் புரியவில்லை. பக்கெட்டுக்குப் பதில் அதே பொருள் தரும் 'பெயில்': 'கிக் த பெயில்' என்றால் வெறும் வாளி, உதை, அவ்வளவுதான். சாவு காணாமல் போய்விட்டது. அடுத்து, செயப்பாட்டு வினையாக்குங்கள். 'அவனால் மண்டை போடப்பட்டது' என்று சொல்லிப் பாருங்கள். 'த பக்கெட் வாஸ் கிக்ட் பை ஹிம்' என்பதும் அதே கதிதான். மூன்றாவது, நடுவே ஓர் அடைமொழியைச் செருகுங்கள். 'பெரிய மண்டையைப் போட்டான்' என்றால் சிரிப்பார்கள். ஆனால் காலத்தை மாற்றலாம்: போடுவான், போட்டான், போடப்போகிறான். ஆங்கிலத்திலும் 'கிக்ட்' என்று இறந்தகாலம் வரும். அதாவது மொத்தத் தொடரும் இடைவெளி விட்டு எழுதப்பட்ட ஒரே ஒரு வினைச்சொல். வினைக்கு உரிய விகுதி மட்டும் ஏற்கும், உள்ளே கைவைக்க விடாது.

எல்லாத் தொடரும் இவ்வளவு இறுக்கம் இல்லை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்று ஒன்று. பீன்ஸைக் கொட்டினான், அதாவது ரகசியத்தைப் போட்டு உடைத்தான். இதில் கொட்டுவது வெளிப்படுத்துவதற்கும், பீன்ஸ் ரகசியத்துக்கும் பொருந்திப்போகிறது. அதனால்தான் 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் பொருள் தங்குகிறது. நம்முடைய 'குட்டு உடைந்தது' இப்படித்தான். 'அவன் குட்டு என்றைக்கோ உடைந்துபோயிற்று', 'குட்டை உடைத்தது யார்' என்று எப்படித் திருப்பினாலும் ஓடும்.

இந்த இறுக்க அளவை வைத்துத்தான் மொழியியலாளர்கள் வகை பிரித்தார்கள். சோவியத் காலத்து ரஷ்ய அறிஞர் விக்டர் வினோகிராதோவ் மூன்றாகப் பிரித்தார். இலங்கையில் பிறந்து சிட்னியில் பாடம் நடத்திய சித்ரா பெர்னாண்டோவும் ஏறக்குறைய அதே மாதிரி மூன்றாகத்தான் பிரித்தார். ஒரு கோடியில் 'கிக் த பக்கெட்' போல முழுக்க மூடிக்கிடப்பவை. உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாது. நடுவில் பாதி திறந்தவை. 'ஃபுட் த பில்' என்றால் செலவை ஏற்றுக்கொள். 'பில்' நேரான பொருளில் இருக்கிறது, 'ஃபுட்' மட்டும் பாதமாக இல்லாமல் வேறு வேலை செய்கிறது. தமிழில் 'தண்டச் சோறு' மாதிரி, சோறு சோறுதான். மறு கோடியில் பொருள் திறந்தே கிடந்தாலும் சொற்சேர்க்கை மட்டும் உறைந்துபோனவை. அடர்த்தியாகப் போட்ட டீ 'ஸ்ட்ராங் டீ'; 'பவர்ஃபுல் டீ' என்று யாரும் சொல்வதில்லை. பலமான மழை 'ஹெவி ரெயின்'. பளு என்ன, நிறுத்தா பார்த்தார்கள்? மயில் அகவும் என்பதுபோல, அப்படிச் செப்புதல் மரபே.

தொடக்கத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் முதல் கோடியில் இருக்கும் வினோதங்களையே பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுகிற 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இல்லாத பள்ளி நோட்டே கிடையாது. நான் டர்பனில் எத்தனையோ மழை பார்த்துவிட்டேன், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. 'இட்ஸ் போரிங்' என்பார்கள், கொட்டுகிறது என்று. என் கட்சி என்னவென்றால், கவர்ச்சி இல்லாத மற்ற இரண்டு வகைகளில்தான் அன்றாட ஆங்கிலம் ஓடுகிறது. அதிலும் முக்கியமானது ஃப்ரேஸல் வெர்ப் எனப்படும் கூட்டுவினை.

ஒரு சின்ன வினை, பின்னால் ஒரு ஒட்டு. அவ்வளவுதான். 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள். 'லுக் ஃபார்' தேடு. 'லுக் இன்டு' விசாரி. 'லுக் அப் டு' மதித்து அண்ணாந்து பார், 'லுக் டவுன் ஆன்' இளக்காரமாகப் பார். கண்ணால் பார்ப்பது எதிலும் இல்லை. தம்பி மிரண்டுபோனார். நான் கேட்டேன்: "சொல்லித் தொலைன்னா எதைத் தொலைக்கச் சொல்றாங்க?" யோசித்தார். "எழுதித் தள்ளினான்னா எதைத் தள்ளினான்? கத்திக்கிட்டுக் கிடக்கிறான்னா எங்கே படுத்துக் கிடக்கிறான்?" தமிழில் நாம் வினைக்குப் பின்னால் துணைவினையை ஒட்டுகிறோம். பார்த்துக்கொள், பார்த்துவிடு, பார்த்துத் தொலை. அவர்கள் அப், ஆஃப், அவுட் என்று திசை காட்டும் ஒட்டுகளை வைக்கிறார்கள். வேலை ஒன்றுதான்.

இதில் எனக்குப் பிடித்தது 'கோ ஆஃப்'. இந்த நாட்டில் மின்வெட்டுக்கு லோட் ஷெட்டிங் என்று பெயர். அது உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு நாள் ராத்திரி நடந்தது இது. விளக்கு அணைந்தது: 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்'. மின்சாரம் போனதும் திருடர் பயத்துக்கு வைத்திருக்கும் அலாரம் அலற ஆரம்பித்தது: 'த அலாரம் வென்ட் ஆஃப்'. நாலு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் திரிந்திருந்தது: 'த மில்க் வென்ட் ஆஃப்'. ஒரே 'வென்ட் ஆஃப்'. ஒன்று ஓய்ந்தது, ஒன்று கிளம்பியது, ஒன்று கெட்டது. 'ஆஃப்' என்றால் நிறுத்தம் என்று மட்டும் படித்திருந்தால், அலாரம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவோம். நம் 'போ'வும் இதே ஜாதிதான்: கரண்ட் போச்சு, பால் கெட்டுப்போச்சு, மானம் போச்சு.

ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. சில கூட்டுவினைகளைப் பிரிக்கலாம்: 'டர்ன் ஆஃப் த டேப்', 'டர்ன் த டேப் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் குழாய்க்குப் பதில் 'இட்' என்ற சுட்டுச்சொல் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'புட் அப் வித்', அதாவது பொறுத்துக்கொள், பிரியவே பிரியாது.

கூட்டுச் சொற்களிலும் மரபு ஒளிந்திருக்கும். அதற்கு டர்பனைவிட நல்ல ஊர் கிடையாது. தம்பி வந்த முதல் வாரம், ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போனவர்கள் மத்தியானம் "பன்னி சௌ சாப்பிடலாம்" என்றார்களாம். தம்பி காதில் விழுந்தது பன்றி. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்ததால் 'பன்னி' என்றால் முயல்குட்டி என்றும் தோன்றியது. இரண்டில் எதுவானாலும் தனக்கு வேண்டாம் என்று பசியோடு உட்கார்ந்திருந்தார். வந்தது என்னவோ, பாதி ரொட்டியை உள்ளே குடைந்து, அதில் சுடச்சுட பீன்ஸ் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே மூடி வைத்த ஒரு பண்டம். பன்றியும் இல்லை, முயலும் இல்லை. வியாபாரிகளைக் குறிக்கும் 'பனியா' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். பெயருக்குள் இருக்கும் சொல்லை நம்பிப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம்.

அடுத்தது இணைமொழி. நமக்கு அக்கம் பக்கம், ஈடு இணை, பேரும் புகழும் இருப்பதுபோல ஆங்கிலத்தில் 'ப்ரெட் அண்ட் பட்டர்' (பிழைப்பு), 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' (சில்லறைச் சாமான்), 'கித் அண்ட் கின்' (உற்றார் உறவினர்). இந்த 'கித்' இன்றைய ஆங்கிலத்தில் வேறு எங்குமே தனியாக வராது, 'அண்டை அயல்' என்பதன் 'அயல்' அளவுக்குக்கூட அதற்கு உயிர் இல்லை. பழைய சொல் ஒன்று இணைமொழியைப் பற்றிக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது.

இணைமொழியில் வரிசைதான் முக்கியம். வரிசையை மாற்றினால் கேட்பவருக்குக் காதில் மணல் விழுந்தது போலிருக்கும். இதில் தமிழர்களாகிய நமக்குத் தனியாக ஒரு வம்பு: பல இடங்களில் நம் வரிசையும் அவர்கள் வரிசையும் நேர் எதிர். நாம் அங்கும் இங்கும் என்போம். அவர்கள் 'ஹியர் அண்ட் தேர்', இங்கும் அங்கும். நமக்கு இரத்தமும் சதையும். அவர்களுக்கு 'ஃப்ளெஷ் அண்ட் ப்ளட்', சதை முதலில். நாம் முன்னும் பின்னும் நடந்தால் அவர்கள் 'பேக் அண்ட் ஃபோர்த்', பின்னும் முன்னும். ஆனால் 'மோர் ஆர் லெஸ்' நம் 'கூடக் குறைய' மாதிரியே வரும். விதி எதுவும் கிடையாது, காதுதான் விதி.

உவமைத்தொடர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'ஆஸ் கூல் ஆஸ் எ குகும்பர்', வெள்ளரிக்காய் போலக் குளிர்ச்சி, அதாவது பதறாத ஆள். பழமொழியை மரபுத்தொடரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழமொழி தன்னளவில் ஒரு முழு வாக்கியம், அறிவுரை சொல்லும். மரபுத்தொடர் வாக்கியத்தின் ஓர் உறுப்பு, அறிவுரை எதுவும் சொல்லாது.

இந்தத் தொடர்கள் எங்கிருந்து வந்தன என்பது தனிச் சுவை. பிரிட்டன் தீவு நாடு, கப்பலில் பிழைத்த நாடு. அதனால் கடல் தொடர்கள் குவிந்து கிடக்கின்றன. 'பை அண்ட் லார்ஜ்' (பொதுவாகச் சொன்னால்) என்பதை அலுவலகக் கடிதங்களில் தினமும் பார்க்கிறோம். காற்றை எதிர்த்து ஒட்டி ஓடுவது 'பை', பின்காற்றில் விரிந்து ஓடுவது 'லார்ஜ்'. இரண்டு நிலையிலும் நன்றாக ஓடும் பாய்மரக் கப்பலைச் சொன்ன பேச்சு அது. 'லேர்ன் த ரோப்ஸ்' (வேலை பழகு) பாய்மரக் கயிறுகளைப் பழகுவதில் பிறந்தது. மாலுமிகள் உட்கார்ந்து கயிறு பின்னும் நேரத்தில் நீட்டி முழக்கிய கதைகளால் 'ஸ்பின் எ யார்ன்', நூல் நூற்பது, கதை விடுவது என்றாயிற்று. நம் 'கயிறு திரிக்கிறான்' நினைவுக்கு வருகிறதா? இரண்டு மொழியிலும் பொய்க்கு நார் வேண்டியிருக்கிறது.

அப்புறம் கிரிக்கெட். மூடி வைக்காத ஆடுகளம் மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஆடுவது 'ஸ்டிக்கி விக்கெட்'; இன்று எந்த இக்கட்டான நிலைமைக்கும் அதே பெயர்.

கிரிக்கெட்டையும் கடலையும் சேர்த்துச் சொல்ல எங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் 1939 மார்ச் 3-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஒரு டெஸ்ட் ஆட்டம் தொடங்கின. நாள் கணக்கு கிடையாது, யாராவது ஜெயிக்கும்வரை ஆடுவது என்று ஒப்பந்தம். ஆடினார்கள், ஆடினார்கள், மார்ச் 14 வரை ஆடினார்கள். இங்கிலாந்துக்கு இலக்கு 696 ஓட்டம். 5 விக்கெட் இழப்புக்கு 654 எடுத்திருந்தார்கள். இன்னும் 42 ஓட்டம்தான். மழை வந்தது. அதற்கு மேல் காத்திருந்தால் ரயில் பிடித்துக் கேப்டவுன் போய் ஊருக்குத் திரும்பும் கப்பலைப் பிடிக்க முடியாது. ஆட்டத்தை டிரா என்று விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

ஆங்கிலத்தில் 'மிஸ் த போட்' என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. படகைத் தவறவிடுவது, அதாவது கைக்கு எட்டிய வாய்ப்பைக் கோட்டைவிடுவது. இங்கிலாந்து அணி அன்று நேரான பொருளில் படகைத் தவறவிடவில்லை. மரபுப் பொருளில் தவறவிட்டது. ஒரே தொடர் நேர்ப்பொருளிலும் வரும், மரபுப் பொருளிலும் வரும், இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். (நாமும் 'கோட்டைவிட்டான்' என்கிறோம், எந்தக் கோட்டையை என்று யோசிக்காமலே.)

தம்பிக்குக் கிரிக்கெட்டைவிட வாத்தியத் தொடர்களில்தான் ருசி. 'ப்ளோ யுவர் ஓன் ட்ரம்பெட்', உன் ஊதுகுழலை நீயே ஊது, என்றால் தற்பெருமை என்று சொன்னேன். "நாம தம்பட்டம் அடிக்கிறோம், அவங்க ஊதுறாங்க" என்றார். 'ப்ளே செகண்ட் ஃபிடில்', இரண்டாவது பிடில் வாசிப்பது, என்றால் இன்னொருவருக்கு அடங்கி இருப்பது. உடனே, "ஒத்து ஊதுறதா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் முழுக்க அதுவல்ல. ஒத்து ஊதுபவன் ஆமாம் சாமி போடுகிறவன். அதில் ஒரு இளக்காரம் இருக்கிறது. செகண்ட் ஃபிடில் வாசிப்பவர் பாவம், திறமை இருந்தும் இரண்டாம் இடத்தில் இருக்கலாம். அவரிடம் ஜால்ரா கிடையாது.

இந்த 'கிட்டத்தட்ட' என்பதில்தான் வழுக்கி விழுகிறோம். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, முதலைக் கண்ணீர், கைகழுவிவிடுவது இவையெல்லாம் இரண்டு மொழியிலும் ஒரே உருவம், ஒரே பொருள்; பயமில்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சில உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சிரித்துக்கொண்டே "ஐ'ம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்றார். காலை வாருகிறேன் என்று இவ்வளவு வெளிப்படையாக ஒருத்தர் சொல்வாரா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆங்கிலத்தில் காலை இழுத்தால் அது சும்மா கேலி. நமக்குத்தான் காலை வாருவது துரோகம். அவர்கள் காலை இழுக்கும் இடத்தில் நாம் காதில் பூச்சுற்றுகிறோம்.

ஆங்கிலத்துக்குள்ளேயும் ஊருக்கு ஊர் மாறும். நல்லபடியாக நடக்கட்டும் என்பதற்கு லண்டனில் 'கீப் யுவர் ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்', விரலோடு விரலைப் பின்னிக்கொள் என்பார்கள். இங்கே 'ஹோல்டிங் தம்ப்ஸ்', கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்வது. இதுவும் ஆப்பிரிக்கான்ஸ் தந்தது. ஆயாவின் பேத்தி பரீட்சைக்குப் போனபோது தெருவே கட்டைவிரலை மடக்கிக்கொண்டிருந்தது. இதையே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் எழுதினால் யார் கட்டைவிரலை யார் பிடிப்பது என்று அவர் திகைப்பார்.

இன்னொன்று, கவனமாக இருக்க வேண்டியது. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க மொழிகளை வீட்டில் பேசுவோர் சிலரின் ஆங்கிலத்தில் 'ஹி இஸ் லேட்' என்றால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். கோயிலில் காவலுக்கு இருப்பவரிடம் தம்பி, "உங்கள் மாமா எப்போது வருவார்?" என்று கேட்டிருக்கிறார். "மை அங்கிள் இஸ் லேட்" என்றாராம். "பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்" என்று தம்பி பதில் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அந்தக் காவலாளி பெருந்தன்மையானவர்.

சாவைப் பற்றிய தொடர்களில் எந்த மொழியும் கூச்சப்படும். இறைவனடி சேர்ந்தார் என்பதும், காலமானார் என்பதும், மண்டையைப் போட்டார் என்பதும் ஒரே செய்திதான். 'காலமானார்', அதாவது காலமாகவே ஆகிவிட்டார். யார் முதலில் சொன்னார்களோ, என்ன அழகு! ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' என்று சொல்ல வேண்டிய வீட்டில் 'கிக்ட் த பக்கெட்' என்றால் வாசற்படி இறங்க வேண்டியதுதான். அதனால் ஒரு தொடரின் பொருளை மட்டும் குறித்துக்கொள்வதில் பயனில்லை. யார், யாரிடம், எந்த இடத்தில் சொன்னார்கள் என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். ஒரு தொடரை மூன்று தடவையாவது மற்றவர் வாயிலிருந்து கேட்டபிறகு நம் வாயில் எடுப்பது நல்லது. அகராதியில் தேடும்போது தொடரில் வரும் முதல் பெயர்ச்சொல்லின் கீழ் பாருங்கள். ஸ்பில் த பீன்ஸுக்கு 'பீன்', கிக் த பக்கெட்டுக்கு 'பக்கெட்'. அங்கே இல்லையென்றால் வினைச்சொல்லின் கீழ்.

போன சனிக்கிழமை தம்பி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்தை இரண்டாகக் கோடு கிழித்து, இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருளும் குறிப்பும் எழுதியிருந்தார். கடைசிப் பதிவு 'ஃபேஸ் த மியூசிக்'. பொருள்: செய்த தப்புக்கு உண்டான பலனை நேரில் நின்று வாங்கிக்கொள்வது. அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "கல்யாண வீட்டில் நம்மைப் பார்த்து உட்காரச் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது."